‘பிகாஸ்’ வருவதற்குள் மனம் போடும் கணக்கு

ஆங்கிலத்தில் இறந்தகால வினைக்கு அப்புறம் எந்த இணைப்புச் சொல் வரலாம், அதற்குப் பின்னால் என்ன காலம் வர வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இலக்கணப் பதில் சின்னதுதான். அண்ட், பட், ஸோ, பிகாஸ், வென், பிஃபோர், ஆஃப்டர், தட் என எதுவும் வரலாம். பின்னால் வருவதும் பெரும்பாலும் இறந்தகாலமாகவே இருக்கும்: ‘ஹி செட் தட் ஹி வாஸ் டயர்ட்’. அவன் இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறான் என்றால் ‘ஈஸ்’ போட்டாலும் தப்பில்லை. பேச்சில் அந்த ‘தட்’ பல நேரம் விழுந்துவிடும். ‘செட்’, ‘தாட்’, ‘நியூ’ போன்ற அன்றாட வினைகளுக்குப் பின் சுலபமாக விழும். ‘விஸ்பர்ட்’ மாதிரி, சொன்ன விதத்தையும் சேர்த்துச் சொல்லும் வினைக்குப் பின் அவ்வளவு சுலபமாக விழாது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. வினை காதில் விழுந்து, இணைப்புச் சொல்லும் விழுந்த அந்தக் கணத்தில் கேட்பவரின் மனதில் என்ன நடக்கிறது?

இறந்தகால வினை ஒரு நிகழ்ச்சியை முடித்து வைத்துவிடுகிறது. அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இணைப்புச் சொல் சொல்கிறது. ‘அண்ட்’ முன்னோக்கிப் போகச் சொல்லும். ‘ஷி டுக் த மெடிசின் அண்ட் ஃபெல் இல்’ என்றால் மருந்தின் மேல் சந்தேகம் வரும்; ‘ஷி ஃபெல் இல் அண்ட் டுக் த மெடிசின்’ என்றால் வராது. தர்க்கத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றே. ‘பிறகு’ என்ற பொருள் ‘அண்ட்’ என்ற சொல்லுக்குள் இல்லை, சொன்ன வரிசையிலிருந்து நாமாக ஊகித்துக்கொள்கிறோம் என்று தத்துவவாதி பால் கிரைஸ் விளக்கினார். 1967-இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்துதான் இந்தப் பார்வை பரவியது.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் இந்த வரிசைப் பழக்கத்தோடு மோதிப் பார்க்கும். சின்னக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, ‘பையன் கதவைத் தாண்டினான், ஆனால் அதற்கு முன் நாயைத் தடவினான்’ என்ற பொருள்படும் வாக்கியங்களை நடித்துக் காட்டச் சொன்னார் மொழியியலாளர் ஈவ் கிளார்க். 1971-இல் அவர் வெளியிட்ட ஆய்வுப்படி, அந்தக் குழந்தைகளில் பலர் எது முதலில் சொல்லப்பட்டதோ அதையே முதலில் செய்தார்கள். பெரியவர்களுக்கும் இந்த வரிசையைச் சரிசெய்துகொள்வது சிரமமே இல்லாமல் நடப்பதில்லை. ‘பிஃபோர்’ என்று தொடங்கி, நடந்த வரிசையைப் புரட்டிச் சொல்லும் வாக்கியமும் ‘ஆஃப்டர்’ என்று தொடங்கும் வாக்கியமும் மூளை அலைகளில் வெவ்வேறு தடம் பதிக்கின்றன என்று 1998-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது.

இப்போது ‘பிகாஸ்’. ஒரு சின்னச் சோதனை. ‘சாரா ஃப்ரைட்டன்ட் மேரி பிகாஸ் ஷி…’ சாரா மேரியைப் பயமுறுத்தினாள், ஏனென்றால் அவள்… இந்த ‘அவள்’ யார்? அனேகமாக சாரா என்பீர்கள். ஏதோ முகமூடி போட்டுக்கொண்டு வந்திருப்பாள். சரி, வினையை மட்டும் மாற்றுவோம். ‘சாரா அட்மையர்ட் மேரி பிகாஸ் ஷி…’ சாரா மேரியை வியந்தாள், ஏனென்றால் அவள்… இப்போது ‘அவள்’ மேரி. நல்ல பாடகியாக இருப்பாள், துணிச்சல்காரியாக இருப்பாள். வாக்கியம் இன்னும் முடியவே இல்லை. அதற்குள் யார் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

உளவியலாளர்கள் கேத்தரின் கார்வியும் அல்ஃபோன்சோ கரமாஸாவும் 1974-இல் இதைப் பற்றி எழுதியபோது, வினைக்குள் ஒளிந்திருக்கும் காரணம் என்ற பொருளில் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருவரை எரிச்சலூட்டுவது, ஏமாற்றமடையச் செய்வது, அசத்துவது போன்ற வினைகளில் பழியும் புகழும் எழுவாய்க்குப் போகும். வெறுப்பது, பாராட்டுவது, திட்டுவது, நன்றி சொல்வது என்றால் செயப்படுபொருளுக்குப் போகும். தொலைபேசியில் அழைப்பது எழுவாய் பக்கம் சாயும். அழைத்தவருக்குத்தானே ஏதோ காரியம் இருக்க வேண்டும்? 2011-இல் வெளியான ஒரு பட்டியல் 305 ஆங்கில வினைகளை எடுத்துக்கொண்டு, எது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று கணக்கெடுத்தது. செய்தித் தலைப்புகளை எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். ‘தண்டித்தார்’ என்று எழுதிய உடனேயே தப்பு யார் மேல் என்று வாசகர் பாதி முடிவு செய்துவிடுகிறார்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முதல் வாக்கியத்தில் வினையைத் தொடாமல் இணைப்புச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். ‘சாரா ஃப்ரைட்டன்ட் மேரி ஸோ ஷி…’ அதே வினை, அதே இரண்டு பேர். ஆனால் இப்போது ‘ஷி’ மேரியாகிவிடுகிறாள், ஓடியிருப்பாள், அலறியிருப்பாள். ‘பிகாஸ்’ நிகழ்ச்சிக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்கச் சொல்கிறது, ‘ஸோ’ பின்னால் என்ன ஆனது என்று கேட்கிறது. பயமுறுத்தல் என்ற நிகழ்ச்சியின் முன்பக்கத்தில் பயமுறுத்தியவள், பின்பக்கத்தில் பயந்தவள். வினை இரண்டு கணக்கையும் தயாராக வைத்திருக்கிறது. எதை எடுப்பது என்பதுதான் இணைப்புச் சொல்லின் வேலை.

இது வாக்கியம் முடிந்தபின் நடக்கும் ஆற அமர்ந்த யோசனையா, போகிற போக்கிலேயே நடப்பதா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் சண்டை போட்டார்கள். டச்சு மொழியில் கோர்னீஃப், வான் பெர்கம் இருவரும் 2006-இல் ஒரு வழி கண்டார்கள். ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர் வைத்து வாக்கியம் அமைத்தால் ‘அவன்’, ‘அவள்’ என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும், குழப்பத்துக்கு இடமில்லை. அப்படி இருந்தும், வினையின் சாய்வுக்கு எதிரான ஆள் வந்தபோது வாசிப்பவர்களின் வேகம் அந்தச் சொல்லைத் தாண்டியதுமே குறைந்தது. ஃபின்னிஷ் மொழியில் 2010-இல் நடந்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. கேட்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, ‘ஏனென்றால்’ என்பது வருவதற்கு முன்பே, வினை காதில் விழுந்ததுமே, காரணமாக இருக்கக்கூடியவரின் படத்தை நோக்கிக் கண் திரும்பத் தொடங்கியிருந்தது. பந்துவீச்சாளரின் கை திரும்பும்போதே ஒரு பக்கம் நகர்ந்துவிடும் விக்கெட் கீப்பர் மாதிரிதான் நாம் வாக்கியங்களைப் பிடிக்கிறோம்.

‘இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம். ‘நகர்மன்ற உறுப்பினர்கள் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள்.’ அஞ்சியது உறுப்பினர்கள். ‘வன்முறைக்கு அஞ்சினார்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘புரட்சியை ஆதரித்தார்கள்’ என்று போட்டால் ‘அவர்கள்’ போராட்டக்காரர்களாகிவிடுவார்கள். கணினி அறிவியலாளர் டெர்ரி வினோகிராட் 1972-இல் காட்டிய உதாரணம் இது. கணினிக்கு அறிவு இருக்கிறதா என்று பார்க்க இதே மாதிரி வாக்கியங்களை வைத்துப் பிற்பாடு ஒரு போட்டியே நடத்தினார்கள். 2016-இல் முதலிடம் பெற்ற நிரலுக்குக் கிடைத்தது 58 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஏறக்குறையப் பாதி சரியாகிவிடும். ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய பெரிய மொழி மாதிரிகள் வந்தபிறகுதான் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை.

கேட்பவர் பக்கம் இப்படி என்றால் பேசுபவர் பக்கம்? அடுத்து யாரைப் பற்றிச் சொல்லப்போகிறோம் என்பதை வினை தீர்மானிக்கிறது. அவரைப் பெயரால் சொல்வதா, ‘ஷி’ என்று சொல்வதா என்பதையும் அதுவே தீர்மானிக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஃபுகுமுரா, வான் கொம்பெல் இருவரும் 2010-இல் ஆங்கிலத்தில் சோதித்தபோது அப்படி நடக்கவில்லை. சோதனையில் கலந்துகொண்டவர்கள் முன்பு எழுவாயாக இருந்தவரைப் பெரும்பாலும் ‘ஷி’ போன்ற சொல்லால் குறிப்பிட்டார்கள், செயப்படுபொருளாக இருந்தவரை அதிகமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். வினை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதில் பெரிய மாற்றமில்லை. பிறகு வந்த வேறு சில சோதனைகள் வினைக்கும் இதில் பங்குண்டு என்கின்றன. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.