ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் மகிழ்ச்சி எங்கே போகிறது?

"மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருள் ஒரே வாரத்தில் சாதாரணமாகிவிடுகிறது. என் மனத்தில்தான் ஏதாவது கோளாறா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கோளாறு எதுவும் இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நமக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. அந்தப் புளிப்பு மூளையின் எந்த மூலையில், எந்த நொடியில் ஏறுகிறது என்பதுதான் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை யாருக்கும் தெரியாது.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவை மின்துடிப்பாலும் வேதிப்பொருளாலும் பேசிக்கொள்கின்றன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அவற்றுள் நடுமூளையில் இருக்கும் சில லட்சம் அணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. 1954-இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்கம்பி பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. 'இன்ப மையம்' என்ற பேச்சு அங்கே தொடங்கியது. பிற்பாடு டோபமினுக்கு 'மகிழ்ச்சி ரசாயனம்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டம் தவறு. ஏன் தவறு என்று காட்டிய சோதனைதான் நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் சுவிட்சர்லாந்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பார்க்கின்சன் நோயில் டோபமின் அணுக்கள் அழிந்து, உடல் அசைவு தடுமாறுகிறது. ஆகவே அசைவுக்கும் இந்த அணுக்களுக்கும் என்ன தொடர்பு என்றுதான் குரங்குகளிடம் தேடினார். பழச்சாறு, வேலை செய்த குரங்குக்குக் கொடுத்த கூலி மட்டுமே. ஆனால் அணுக்கள் அசைவைவிடக் கூலியைத்தான் கவனித்தன.

எதிர்பாராமல் ஒரு சொட்டுச் சாறு நாவில் விழுந்தால், சாதாரணமாக நொடிக்குச் சில முறை மட்டும் துடிக்கும் அணு படபடவென்று வெடிக்கிறது. இதுவரை வியப்பில்லை. அடுத்து, முதலில் ஒரு விளக்கு எரியும், சற்றுப் பொறுத்துச் சாறு வரும் என்று குரங்கைப் பழக்குகிறார்கள். பழகிய பிறகு அந்த வெடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. சாறு வரும்போது அணு அசையவே இல்லை. அதே சாறு, அதே இனிப்பு, அதே நாக்கு. ஆனால் அணுவுக்கு அதில் செய்தி எதுவும் இல்லை.

மூன்றாவது கட்டத்துக்கு வரும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. விளக்கை எரியவிட்டு, சாற்றைக் கொடுக்காமல் நிறுத்திவிடுகிறார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அணு சட்டென்று மௌனமாகிறது. அந்தக் கணத்தில் வெளியுலகில் எதுவுமே நடக்கவில்லை. ஒலியில்லை, ஒளியில்லை, தொடுதல் இல்லை. நடக்காத ஒன்றுக்குத்தான் அணு அடங்குகிறது. அப்படியானால், 'இந்நேரம் இது வர வேண்டும்' என்ற கணக்கு உள்ளே எங்கோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும்! ஏமாற்றம் என்று நாம் சொல்வதன் தடத்தை ஒற்றை அணுவில் பார்த்துவிட்டார்கள். கணினிகளைத் தன்னால் கற்கவைக்க எழுதப்பட்டிருந்த ஒரு சமன்பாடு இந்தத் துடிப்புகளோடு அப்படியே பொருந்துவதை, பீட்டர் தயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் ஷுல்ட்ஸ் வெளியிட்டார். வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதைத்தான் டோபமின் அறிவிக்கிறது.

அசைவைத் தேடப் போனவருக்குக் கிடைத்தது இது. 'இதனால் என்ன பயன்' என்று முதல் பக்கத்திலேயே எழுதித் தராவிட்டால் நிதி கிடையாது என்னும் போக்கு எனக்குக் கவலை தருவது இதனால்தான். இந்தப் பயனை எந்த விண்ணப்பத்திலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. இதே அறிவியலின் பெயரைச் சொல்லி, இன்னதைச் சாப்பிட்டால் டோபமின் பெருகி மனம் மகிழும் என்று விற்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. வாயால் விழுங்கும் டோபமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, மூளைக்குள் நுழைந்து அங்கே டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுப்பது அதனால்தான்.

சரி, இன்பம் எங்கே இருக்கிறது? கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகளில், டோபமினை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள் உணவைத் தேடிப் போவதையே விட்டுவிட்டன. ஆனால் இனிப்பை நாவில் வைத்தால் முன்போலவே நக்கிச் சுவைத்தன. வேண்டும் என்பது வேறு, பிடிக்கிறது என்பது வேறு. இரண்டும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள்.

வாசகியின் கேள்விக்கு இன்னொரு ஆய்வும் உதவும். 2014-இல் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் ஒரு கைபேசி விளையாட்டின் மூலம் 18,420 பேரிடம், ஆட்டத்தின் நடுநடுவே 'இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்' என்று கேட்டார்கள். எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்ததா என்பதே அந்தக் கணத்து மகிழ்ச்சியை நிர்ணயித்தது. அப்படியானால் எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடலாமா? அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் அவர்களுடைய மகிழ்ச்சியை உயர்த்தியிருந்தது. குரங்குக்கு எரிந்த விளக்கைப் போன்றவைதான் அந்த வாசகி காத்திருந்த மாதங்கள். மகிழ்ச்சியில் ஒரு பங்கு அப்போதே வந்து சேர்ந்துவிட்டது.

கைக்கு வந்துவிட்ட பொருளுக்கு என்ன செய்வது? லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் சிலருக்குத் தொடர்ச்சியாகவும் வேறு சிலருக்கு நடுவில் சற்று நிறுத்தியும் மசாஜ் கொடுத்துப் பார்த்தார்கள். இடையில் நிறுத்தப்பட்டவர்களே அதிகம் ரசித்தார்கள். ஆனால் முன்கூட்டிக் கேட்டால், நிறுத்தாமல் தொடர்வதே நல்லது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். அந்தப் பொருளை ஒரு பத்து நாள் கண்ணில் படாமல் எடுத்துவைத்துப் பாருங்கள். திரும்ப எடுத்த அன்று என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.