நல்கை: மானியம் என்று எழுத வேண்டாம்

"தம்பி, மானியம்னா நாங்க எம்புட்டுக் கட்டணும்?"

மதுரையில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில், மண்டபம் பக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் கேட்டது இது. கடலுக்குள் இறங்கிப் பாசி எடுப்பவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். சுற்றிச் சுற்றி அந்த விரல்களே தடித்துப் போயிருந்தன. கையில் ஒரு படிவம். தலைப்பில் "கடல்மட்ட உயர்வுத் தழுவல் மானியத் திட்டம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மேடையில் பேசியவரின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். படிவத்தை வேறு யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். கடல் ஏறி ஊர்க் கிணறு உப்பாகும் இடங்களில் நல்ல தண்ணீருக்கு வழி செய்ய, அலையாத்தி நட, மீன் இறக்கும் இடத்தை மேடாக்க ஊருக்குப் பொதுப்பணம் கொடுக்கும் திட்டம் அது. மூலத்தில் இருந்த சொல் கிராண்ட்.

"ஒரு பைசா கட்ட வேண்டாம்க்கா, திருப்பியும் தர வேண்டாம்" என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர் "மானியம்னு போட்டிருக்கே தம்பி" என்று அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் மூன்று மகளிர் குழுக்களைக் காணோம். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அவர்கள் சரியாகத்தான் படித்தார்கள். 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாசி வளர்க்கும் மிதவைக்கும் இன்னும் பலவற்றுக்கும் மானியம் உண்டு. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. மிச்சத்தைத் தான்தான் புரட்ட வேண்டும். நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அந்த மிச்சத்தைப் போட்டவர்களுக்கு மானியம் என்றால் என்ன அர்த்தம் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மானியம் வடசொல். மானம் என்ற மதிப்பிலிருந்து வந்தது, மதிக்கத்தக்கது என்று பொருள். ஒருவரை அல்லது ஒரு கோயிலை மதித்து அரசன் வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானியம். நாயக்கர் காலத்திலும் சேதுபதிகள் காலத்திலும் செப்பேடுகளில் "சர்வமானியம்" என்று வரும். எல்லா வரியும் நீங்கியது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று காலமும் குறிப்பார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் வயதானவர்கள் "அது மானிய நெலம்" என்று ஒரு வயலைக் காட்டுவார்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் இனாம் நிலங்களை ஒழித்தபின், அந்தப் பொருள் பேச்சிலிருந்து மெல்ல விலகிவிட்டது. அந்த இடத்தில் உர மானியம், சொட்டுநீர் மானியம், டீசல் மானியம், கேஸ் மானியம் எல்லாம் வந்து உட்கார்ந்தன. "மானியம் ஏறிருச்சா?" என்று ஒருவர் கேட்டால் சிலிண்டருக்கு முழு விலை கொடுத்தவர் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆக, இன்றைய தமிழில் மானியம் என்பது விலைச் சலுகை. நீ ஒன்றை வாங்கு, விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கும்.

கிராண்ட் வேறு. ஒரு வேலைக்காகக் கொடுக்கப்படும் பணம். திருப்பித் தர வேண்டாம். ஆனால் சொன்ன வேலைக்கே செலவழிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சொல்லின் லத்தீன் வேர் நம்புதல் என்ற பொருள் உடையது. கிரெடிட்டும் அதே வேரில் பிறந்ததுதான். உன்னை நம்பி ஒப்படைக்கிறேன் என்பது அடியில் இருக்கும் கருத்து.

கடல்மட்ட விஷயத்தில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. எஞ்சினுக்கு மானியம் கொடுக்கலாம், வாங்கியவர் அதை ஓட்டிச் சம்பாதித்து மீதியை அடைத்துவிடுவார். அலையாத்திக் காட்டை யார் விலைக்கு வாங்குவார்? உப்பேறிய கிணற்றுக்குப் பதிலாக ஊருக்கு ஒரு நீர்த்தொட்டி கட்டினால் யாருக்கு வருமானம்? இப்படிப்பட்ட வேலைகளில் இழப்பு தவிர்க்கப்படுகிறது, வரவு எதுவும் இல்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது; 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் கூடியிருந்தது. இதில் பாசி எடுக்கிற அக்காவின் பங்கு என்ன இருக்கிறது, அவரைப் பங்குத்தொகை கட்டச் சொல்ல? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. பவளப்பாறைகளை முன்பு வெட்டி எடுத்ததும் கடல் ஏறியதும் சேர்ந்து செய்த வேலை. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு தேய்ந்துகொண்டே வந்ததால், அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அந்தப் பாறைக்குப் பாதி விலை கொடு என்று எந்த மீனவரிடம் கேட்பது?

இதற்குரிய தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. நல்கை.

நல்குதல் என்றால் மனமுவந்து தருதல், அருளுதல். வள்ளுவர் இந்தச் சொல்லைக் கடலோடு சேர்த்தே ஒருமுறை ஆண்டிருக்கிறார்:

"நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்."

மேகம் கடலிலிருந்து எடுத்ததைத் திரும்ப நல்காவிட்டால் பெருங்கடலும் தன் இயல்பு குன்றும். பொதுப்பணமும் அப்படித்தானே? மக்களிடம் வரியாக எடுத்தது, தேவைப்படும் இடத்தில் பெய்ய வேண்டும். வட்டி கேட்காமல், பாதிப் பங்கு கேட்காமல்.

கூட்டம் முடிந்ததும் சிம்மக்கல்லில் அச்சுப்படி திருத்தும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். நாற்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர், தமிழில் அவர் சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பவன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டமன்றத்துலேயே மானியக் கோரிக்கைன்னுதானப்பா சொல்றாங்க. பல்கலைக்கழக மானியக் குழுன்னு எத்தனை வருசமா எழுதுறோம். நீ என்ன புதுசா?" என்றார்.

மானியக் கோரிக்கை என்பது ஒரு துறை தன் செலவுக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தின் ஒப்புதலை நாடுவது. கேட்பவர் அமைச்சர், கொடுப்பது மன்றம். அங்கே யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் அந்த அறைக்குள் இருக்கும் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த அறையின் சொல்லைக் கடற்கரையில் கொண்டுபோய் ஒட்டினால், அங்கே ஏற்கெனவே வேறு பொருளில் குடியிருக்கும் மானியத்தோடு மோதும். பல்கலைக்கழகத்துக்கும் இதுவே. அதோடு, "பல்கலைக்கழக நல்கைக் குழு" என்று எழுதும் தமிழ்ப் பேராசிரியர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். நான் புதிதாக எதையும் செய்யவில்லை.

அவருடைய அடுத்த வாதம் எனக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டியதாக இருந்தது. "நல்கைன்னு சொன்னா அந்தப் பொம்பளைகளுக்குப் புரியுமா? நல்குரவுன்னா வறுமை. அது காதில் விழாதா?" நல்குரவு வறுமைதான், திருக்குறளில் 105ஆம் அதிகாரமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் இன்று நல்குரவைப் பேச்சில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. காதில் மோத ஆள் இல்லாத சொல் அது. புரியுமா என்பதற்கு என் பதில் உரிமைத்தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தார்கள். ஒரு மாதத்தில் கரிமேட்டு மீன் மார்க்கெட்டில் "உரிமைத்தொகை வந்துருச்சாக்கா" என்று கேட்டுக்கொண்டார்கள். பணத்தோடு சேர்ந்து வரும் சொல்லை மக்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். தெரியாத சொல் ஒருவரைக் கேள்வி கேட்க வைக்கும். தவறாகத் தெரிந்த சொல் பஸ் ஏற வைத்துவிடும்.

வடசொல் என்பதால் மானியத்தை நான் விலக்கவில்லை. கேஸ் மானியத்தைக் கேஸ் மானியம் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் கைவசம் ஒரு தமிழ்ச் சொல் பழுதில்லாமல் இருக்கும்போது, பொருள் மாறிப்போன ஒன்றை இழுத்துப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மற்ற சொற்களையும் எடை போட்டுப் பார்த்தேன். கொடை, நன்கொடை இரண்டும் தனிமனிதர் கையிலிருந்து வருபவை. கோயில் வாசலில் ரசீது எழுதுவது நினைவுக்கு வரும். நிவாரணம் புயல் அடித்த பிறகு வருவது, நாம் பேசுவதோ முன்கூட்டிச் செய்யும் வேலை. உதவித்தொகை படிக்கும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் மாதாமாதம் போவது. ஈகை நல்ல சொல்தான், ஆனால் ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. கடலோர மக்களை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் ஈகையைப் பற்றிய ஒரு குறள் இங்கே உதவுகிறது. வறியவர்க்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் "குறியெதிர்ப்பை நீர துடைத்து". குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. கைமாற்று. கொடுப்பதையும் கடனையும் கலக்காதே என்று அப்போதே கோடு போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோட்டைத்தான் இன்று அழிக்கிறோம். செய்திகளில் எதற்கும் "நிதியுதவி". கடலோரத்தை மீட்டெடுக்க மாநில அரசு நடத்தும் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்துக்கு உலக வங்கி நிதியுதவி என்று எழுதுகிறார்கள். அது மாநிலம் வாங்கும் கடன். ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசாக் கடற்கரை மக்களுக்காக, வளரும் நாடுகளின் காலநிலை வேலைகளுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியம் 2018இல் ஒப்புக்கொண்ட 4.34 கோடி டாலர் நல்கை. அதுவும் நிதியுதவிதான் நம் செய்தியாளர்களுக்கு. ஒன்றைப் பிள்ளைகள் அடைக்க வேண்டும், மற்றதை யாரும் அடைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் வாசகர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்?

அந்தப் படிவத்தின் இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட முடியவில்லை. தழுவல். மூலத்தில் அடாப்டேஷன். அகராதியைத் திறந்ததும் நாடகத் தழுவல், கதைத் தழுவல் என்று இருந்திருக்கும், எடுத்து வைத்துவிட்டார்கள். மதுரைக்காரனுக்குத் தழுவல் என்றால் முதலில் ஏறுதழுவுதல்தான். அலங்காநல்லூர் பக்கம் 2024இல் அந்தப் பெயரிலேயே ஓர் அரங்கம் திறந்தார்கள். தழுவுவது என்றால் கட்டிப்பிடிப்பது. வீட்டுக்குள் வரும் கடலைக் கட்டிப்பிடிக்கவா பணம் கொடுக்கிறார்கள்? தகவமைப்பு என்று பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: ஒட்டகத்தின் தகவமைப்பு, கள்ளியின் தகவமைப்பு. தகவு என்றால் தகுதி, பொருத்தம். மாறும் சூழலுக்குத் தக்கபடி தன்னை அமைத்துக்கொள்வது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லை விட்டுவிட்டுத் தழுவலுக்குப் போவது, வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பதால் வருவது. நெய்தல் மீட்சி என்று பெயர் வைத்தவரைப் பாருங்கள். கடலோர மீட்டெடுப்பு என்று சொல்லுக்குச் சொல் வைத்திருக்கலாம். நெய்தல் என்றதும் மணலும் உப்பங்காற்றும் அங்கே வாழும் மனிதரும் சேர்ந்து வந்துவிடுகிறார்கள். அரசு அலுவலகத்துக்குள்ளேயே அப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, கடல்மட்ட உயர்வுத் தகவமைப்பு நல்கை. நீளம்தான். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் "கடல் ஏறுவதைச் சமாளிக்க ஊருக்குத் தரும் பணம், பங்குத்தொகை இல்லை, திருப்பித் தர வேண்டாம், கணக்கு உண்டு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை அச்சிட்டபோது இரண்டையும் போட்டார்கள். சிம்மக்கல் பெரியவர்தான் அதற்கு மெய்ப்புப் பார்த்தார். நல்கையில் அவர் கை வைக்கவில்லை.

மாசிக் கடைசியில் அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. புதுப் படிவம் குழுவுக்கு வந்து சேர்ந்திருந்தது. நல்கை என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தார், பிறகு கேட்டார்:

"இந்த நல்கைப் பணத்துக்குக் கணக்குக் குடுக்கணும்னு போட்டிருக்கு தம்பி. லாரி வாடகைக்கெல்லாம் ரசீது வாங்கி வைக்கணுமா?"

"ஆமாக்கா, எல்லாத்துக்கும் வாங்கி வைங்க" என்றேன்.