ஸ்கவுட்: வேவு விமானமா, சண்டை விமானமா?

‘ஸ்கவுட்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலப் பொருள் காது கொடுத்துக் கேட்பது. ஒட்டுக்கேட்டவன் நாளடைவில் படைக்கு முன்னே போய் எதிரியைப் பார்த்து வருபவன் ஆனான்.

விமானத்தால் போரில் என்ன பயன் என்று முதலில் கணித்தவர்கள் கண்டதும் இந்த வேலையைத்தான். 1905 ஜனவரி 18 அன்று ரைட் சகோதரர்கள் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் ராபர்ட் நெவினுக்கு எழுதிய கடிதம், விமானம் போர்க்காலத்தில் வேவு பார்க்கவும் செய்தி கொண்டுபோகவும் உதவும் என்றது. 1907 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை விமானம் வாங்குவதற்காக வெளியிட்ட 486ஆம் எண் விவரக்குறிப்பு கேட்டவை: மொத்தம் 350 பவுண்டு (சுமார் 159 கிலோ) எடையில் இருவர், 125 மைலுக்கு எரிபொருள், மணிக்கு 40 மைல் வேகம், ஒரு மணி நேரம் இறங்காமல் பறத்தல். துப்பாக்கி என்ற பேச்சே இல்லை.

குழப்பம் 1914இல் தொடங்கியது. வேகமான ஒற்றை இருக்கை விமானங்களுக்கு பிரிட்டனில் ‘ஸ்கவுட்’ என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுபவரே பார்த்து, குறித்து, படமும் வரைவது பெரும்பாடு; துரத்துவதற்கோ அந்த வேகம் வாகாக இருந்தது. 1915 ஜூலை 25 அன்று பிரிட்டிஷ் விமானி லேனோ ஹாக்கர் தன் பிரிஸ்டல் ஸ்கவுட்டில், சுழலும் புரொப்பல்லரில் குண்டு படாதபடி லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தி மூன்று ஜெர்மானிய விமானங்களைத் தாக்கினார். மூன்றாவதில் விமானியோடு, கீழே பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஒரு பார்வையாளரும் இருந்தார். வேவுக்கு ஏற்றது அந்த இரட்டை இருக்கை வகைதான், ‘ஸ்கவுட்’ என்ற பெயரோ ஒற்றை இருக்கைக்கு! எஸ்.இ.5 என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்துப் பெயரின் முதல் எழுத்தும் ‘ஸ்கவுட்’தான்.

ஆகவே முதல் உலகப்போர் நூலில் ஒற்றை இருக்கை ‘ஸ்கவுட்’ வந்தால் தமிழில் ‘சண்டை விமானம்’ என்றே மொழிபெயர்க்க வேண்டும். ‘போர் விமானம்’ போதாது, குண்டுவீச்சு விமானமும் அதில் அடங்கிவிடும். ரைட் கடிதத்தில் உள்ள பொருளுக்கு ‘வேவு’ கச்சிதம். தொல்காப்பியம், பகைவரின் ஆநிரை கவர்வதைச் சொல்லும் வெட்சித் துறைகளில் ‘ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது: ஒற்றுவது செயல், வேய் அதனால் கிடைத்த செய்தி. வேவு இந்த வேயின் உறவு. ‘உளவு’ மறைவாகச் செய்வது. அமெரிக்காவின் யு-2 போன்ற உளவு விமானங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிகளில் ஸ்கவுட்டுக்குச் ‘சாரணர்’ என்கிறோம். சிலப்பதிகாரத்துச் சாரணர் நிலத்தைவிட்டு ஒரு முழம் எழும்பி வான்வழியே போன சமண முனிவர்கள். விமானத்துக்குப் பொருந்தியிருக்கும்தான், ஆனால் அந்தச் சொல்லை மாணவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.