நீல ஒளி அடித்தால் அறுந்த நரம்பு வளருமா?

அறுந்த நரம்பைத் தைத்தபின் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல்நுனியை எட்ட ஐந்தாறு மாதம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பில்தான் “லைட் வெச்சா சீக்கிரம் வளருமாமே?” என்ற கேள்வி எழுகிறது.

ஆய்வகத்தில் ஒளி செய்யும் வேலை வேறு. நரம்பு செல்லுக்கு ஒளி தெரியாது. கிளாமிடோமோனாஸ் என்ற பாசியின் சேனல்ரோடாப்சின்-2 புரதத்தை மரபணு வழியே அதற்குள் வைத்தால்தான், 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டதும் அயனிகள் உள்ளே பாய்ந்து செல் தூண்டப்படும்.

கரண்ட் இருக்க இந்தச் சுற்றுவழி ஏன்? 2000-இல் நரம்பு ஆய்வாளர் டெஸ்ஸா கார்டன் குழு, தைத்த எலி நரம்பை 20 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் மின்சாரத்தால் தூண்டியது. தசையை அசைக்கும் இயக்க நரம்புகள் வழக்கமாக 8 முதல் 10 வாரங்களில் முடிக்கும் வளர்ச்சி 3 வாரத்தில் முடிந்தது. ஆனால் மின்சாரம் இயக்கம், உணர்வு என்று பார்க்காமல் எல்லா இழைகளையும் உலுக்கிவிடும். பலன் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒளிக்கோ அந்தப் புரதம் உள்ள செல் மட்டுமே பதில் தரும். 2016-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு, ஒளித்தூண்டலும் இயக்க நரம்பு வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று சுண்டெலியில் காட்டியது.

செய்முறையில் சிக்கல்கள் அதிகம். காலுக்குப் போகும் பெரிய நரம்பான சையாட்டிக் நரம்பை வெட்டிய பிறகு கெண்டைத்தசை துடிக்காது. தூண்டல் நடக்கிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஆகவே எவ்வளவு ஒளி தேவை என்பதை, வெட்டுவதற்கு முன்பே தசையின் மின்துடிப்பைக் காட்டும் இ.எம்.ஜி. பதிவு பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடியிழையின் நுனியில் லேசாக ரத்தம் படிந்தாலும் போச்சு, நீல ஒளியை ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். ஒளி விழ வேண்டியது வெட்டுக்கு மேலே, முதுகுத்தண்டுப் பக்கம். கீழே விழுந்தால் செல் உடலுக்குச் செய்தியே போகாது. ஒளியின் சூடும் திசுவை மாற்றக்கூடும். எனவே புரதம் இல்லாத எலிக்கும் அதே ஒளியை அதே நேரம் கொடுத்து ஒப்பிடாத முடிவை நான் நம்பமாட்டேன். இன்னொன்று: இந்தப் புரதம் பிறவியிலேயே இருக்கும்படி மரபணு மாற்றிய தை1 வகை எலியில் இயக்கம், உணர்வு இரண்டு நரம்பிலுமே அது இருக்கும். ‘இயக்க நரம்பு மட்டும்’ என்று பேச அந்த எலி போதாது.

மனிதருக்கு இது சிகிச்சையாக வரவில்லை. வைரஸ் வழியே புரதத்தைச் செலுத்திய எலிகளில், நோயெதிர்ப்பு அதை எதிர்த்து, சில வாரங்களில் பலன் தேய்ந்ததும் உண்டு. கிளினிக்குகளில் தரும் சிவப்பு, அகச்சிவப்பு லேசர் வேறு கதை. அதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

கண்ணாடி கிழித்து விரல் மரத்துப்போனால், தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றே கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். உணர்வு திரும்பும்வரை சூடான டம்ளரை அந்தக் கையால் எடுக்க வேண்டாம்.