டிப்ரெசிவ் ரியலிசம்: சோர்ந்த மனதுக்குத் தெளிவு அதிகமா?

மனச்சோர்வில் இருப்பவர்தான் உலகத்தை உள்ளபடி பார்க்கிறார், மற்றவர்கள் எல்லாம் ஒரு இனிய மயக்கத்தில் நடமாடுகிறோம். உளவியலில் ‘டிப்ரெசிவ் ரியலிசம்’ என்ற பெயரில் உலவும் கருத்து இதுதான். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘மனச்சோர்வு யதார்த்தவாதம்’ என்று வரும். அந்தப் பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் டிப்ரஷன். லத்தீனில் ‘டெப்ரிமெரே’ என்றால் கீழே அழுத்துதல். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் ஆங்கிலத்தில் டிப்ரஷன் என்றுதான் பெயர். நம் நாளிதழ்கள் மனநோயைச் சொல்லும்போது ‘மன அழுத்தம்’ என்று எழுதிவிடுகின்றன. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே சொல்தான் போடுகிறார்கள், அங்கேதான் குழப்பம். பரீட்சைக்கு முந்தைய நாள் வருவது மன அழுத்தம். பரீட்சை முடிந்து லீவு விட்ட பிறகும் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இழுத்துக்கொண்டு போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரியலிசத்தின் வேர் ‘ரெஸ்’, அதாவது பொருள். யதார்த்தத்திலும் ‘அர்த்த’ என்று பொருள்தான் இருக்கிறது. ‘யதா’ சேர்ந்து, பொருள் எப்படியோ அப்படி. வேரில் பழுதில்லை, வாலில்தான் சிக்கல். ‘வாதம்’ என்றதும் நமக்கு ஒரு கொள்கையோ, சிறுகதை விமர்சனத்தில் வரும் யதார்த்தவாதமோ நினைவுக்கு வருகிறது. இந்தக் கருத்து பிறந்த இடத்தில் கொள்கை எதுவும் இல்லை. ஒரு பொத்தானும் பச்சை விளக்கும்தான் இருந்தன.

1979-இல் லாரன் அலாய், லின் ஆப்ரம்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை அந்தப் பொத்தான் முன் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பொத்தானை அழுத்தலாம், அழுத்தாமலும் இருக்கலாம். விளக்கு எரியும், அல்லது எரியாது. கடைசியில் ஒரே கேள்வி: விளக்கு எரிவது எந்த அளவுக்கு உங்கள் கையில் இருந்தது? சில மாணவர்களுக்கு, அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் விளக்கு நூற்றுக்கு 75 முறை எரியும்படி வைத்திருந்தார்கள். அதாவது மாணவர் கையில் ஒன்றுமே இல்லை. மனச்சோர்வு இல்லாதவர்கள் ‘எரிந்ததில் என் பங்கும் கணிசமாக உண்டு’ என்று நம்பினார்கள். வினாத்தாளில் மனச்சோர்வு மதிப்பெண் கூடியிருந்தவர்கள் ‘என் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை’ என்றார்கள். அது சரியான விடை. ‘துயரம் கூடியவர் அறிவும் கூடியவரா?’ என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 1798-ஆம் ஆண்டுக் கவிதையின் கடைசிக்கு முந்தைய வரியை ஒட்டிய தலைப்பு அது. ஊர் சுற்றி வருவதற்குள் அந்தக் கேள்விக்குறி எங்கோ உதிர்ந்துவிட்டது.

இந்த முடிவு பரபரப்பானதற்குக் காரணம் இருந்தது. மனச்சோர்வு வந்தவர் தன்னையும், உலகத்தையும், எதிர்காலத்தையும் கோணலாகப் பார்க்கிறார், அந்தக் கோணலைத் திருத்துவதுதான் சிகிச்சை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் சொல்லியிருந்தார். சோர்ந்தவர் பார்வைதான் நேரானது என்றால் சிகிச்சை எதைத் திருத்துகிறது? நல்லவிதமாக ஏமாறக் கற்றுக்கொடுக்கிறதா?

ஆனால் மே மாதச் சென்னையில் தினமும் ‘இன்றைக்கு மழை வராது’ என்று சொல்பவர் பெரும்பாலும் ஜெயிப்பார். அதை வைத்து அவருக்கு வானிலை தெரியும் என்று சொல்லிவிட முடியுமா? நவம்பரில் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்று எப்போதும் நினைப்பவர், நிஜமாகவே ஒன்றுமில்லாத சோதனையில் சரியாகத்தான் சொல்வார். வரப்போகும் நாட்களில் தங்களுக்கு என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்ன 1991-ஆம் ஆண்டு ஆய்வில், சோர்ந்தவர்களின் கணிப்புதான் அதிகம் தவறியது. 2012-இல் மூர், ஃப்ரெஸ்கோ என்ற ஆய்வாளர்கள் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சோர்ந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மிஞ்சிய வித்தியாசம் மிகச் சிறியது. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் விளக்குச் சோதனையையே புதிதாகச் செய்து பார்த்தார்கள். பழைய முடிவு திரும்ப வரவில்லை. இன்னொன்று, 1979-இன் மாணவர்கள் வினாத்தாள் மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கப்பட்டவர்கள், மருத்துவமனை நோயாளிகள் அல்லர்.

இத்தனைக்குப் பிறகும் கருத்து சாகவில்லை. தமிழ்க் காதுக்கு இது புதிதாகவும் படாது. ‘விரக்தி’ என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அது பற்றின்மை, ஞானிக்குரிய நிலை. நம் பேச்சில் ‘விரக்தியில் இருக்கிறான்’ என்றால் மனமுடைந்து கிடக்கிறான் என்று அர்த்தம். தெளிவும் நொறுங்கலும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் மனச்சோர்வு வந்தவர் பற்று விட்டவர் அல்ல. பத்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ‘என்னடா வாழ்க்கை’ என்று தோன்றுவதற்குப் பெரியவர்கள் ‘மயான வைராக்கியம்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். அதில் லேசான கேலியும் உண்டு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘நடப்பியல்’ தூய தமிழ்தான், ஆனால் ‘இயல்’ வந்தால் ஒரு துறை மாதிரி ஒலிக்கிறது. சோதனை அளந்தது கணிப்பு எவ்வளவு சரி என்பதை மட்டும். எனவே ‘சோர்வுத் தெளிவு’ என்பது என் தேர்வு. வெறுமனே அப்படி எழுதினால் நிரூபணமான விஷயம் போலாகிவிடும், அதனால் ‘சோர்வுத் தெளிவுக் கருதுகோள்’ என்று முழுசாக எழுதுங்கள். நீளம்தான். பத்திரிகைத் தலைப்பில் இடமில்லை என்றால் கருதுகோளை வெட்டிவிட்டு, உதிர்ந்துபோன அந்தக் கேள்விக்குறியைப் போட்டுக்கொள்ளலாம்.