பேஸ்மென்ட் சுவரில் பெயிண்ட் உரிந்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்

"விலை கூடின வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்தான் சார் அடிச்சோம், ஒரு மழை தாங்கலையே. வேற எந்த கம்பெனி நல்லது?" தரைக்குக் கீழே அறை கட்டியவர்களிடமிருந்து இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கம்பெனியை மாற்றினால் அடுத்த மழைக்கு அதுவும் உரியும். அவ்வளவுதான் பதில்.

டப்பாவில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த பெயிண்ட் தடுப்பது, பெயிண்ட் அடித்த பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை. மாடிச் சுவரில் மழை வெளியிலிருந்து அடிக்கிறது, பெயிண்டும் வெளியே இருக்கிறது. அங்கே அது வேலை செய்யும். பேஸ்மென்டில் எல்லாம் தலைகீழ். சுவருக்குப் பின்னால் ஈர மண். தண்ணீர் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகப் பின்பக்கமிருந்து வந்து பெயிண்டை அறைக்குள் தள்ளுகிறது. பெயிண்ட் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ, அவ்வளவு பெரிதாகக் கொப்புளம் கிளம்பும். வியர்த்த முதுகில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, பிளாஸ்திரி சரியில்லை என்பதா?

எனவே கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. ஷீட்டின் உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ, ஈரம் சுவர் வழியாக வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரப்பதம். காற்றோட்டமோ ஈரம் உறிஞ்சும் கருவியோ போதும். சுவரின் அடிப்பகுதியிலும் மூலைகளிலும் கட்டாயம் பாருங்கள். கோடையில் பார்த்துவிட்டு 'சுவர் காய்ந்திருக்கிறது' என்று சொல்லாதீர்கள், மழைக்குப் பின்னும் ஒருமுறை பாருங்கள்.

வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பயந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். அது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். கழுவினால் கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த கம்பி பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். மூடிய அறையில் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

சுவர் நன்றாகக் காய்ந்திருந்தால் கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தாங்கும் பிரைமரும் அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷனும் போதும். லேசான ஓதம் இருந்தால் ஆவியை வெளியே விடும் சிலிகேட் பெயிண்டோ சிமென்ட் பெயிண்டோதான் என் தேர்வு. சிலிகேட் வெறும் கான்கிரீட்டோடு வேதிமுறையில் பிணையும். ஒருமுறை எமல்ஷன் அடித்துவிட்டால் அதன்மேல் சாதாரண சிலிகேட் அப்படிப் பிணையாது. உங்கள் சுவர் இன்னும் வெறுமையாக இருந்தால் அது பெரிய வசதி, அவசரப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் வழிகிறதா? பெயிண்டை மறந்துவிடுங்கள். கூரை நீர்க்குழாய் சுவரோரமே கொட்டுகிறதா, வெளித்தரை வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து அடிக்கு அரை அடியாவது வெளிநோக்கிச் சரிவு வேண்டும். விரிசலை அடைக்கவேண்டும். உள்ளிருந்தே செய்தாக வேண்டுமென்றால் கான்கிரீட்டின் துளைக்குள் படிகமாக வளரும் சிமென்ட் பூச்சுகள் உண்டு. அது பெயிண்டர் வேலையில்லை, தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

எனாமல், அதாவது எண்ணெய் பெயிண்ட், வேண்டாம். புது கான்கிரீட்டின் காரத்தன்மை அந்த எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். ஜிப்சம் புட்டி ஈரத்தில் ஊறிப்போகும். வார்த்து 28 நாளாவது ஆகாத சுவரில் கை வைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து அது முத்து முத்தாக உருண்டால், கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகையில் தடவிய ஷட்டரிங் எண்ணெய் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்காமல் எதை அடித்தும் பயனில்லை.

அப்புறம், தயவுசெய்து ஒன்று. தின்னர் கலந்த எதையும் கதவு சாத்திய பேஸ்மென்டில் அடிக்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அங்கே கேஸ் ஹீட்டர் இருந்தால் அதன் சிறு தீ போதும். முதலில் அதை அணையுங்கள், ஃபேன் வைத்து ஆவியை வெளியே தள்ளுங்கள், வாடை முழுக்கப் போகும்வரை அங்கே யாரையும் படுக்க விடாதீர்கள்.