சி.பி.கே. கூடினால் இதயம்தானா?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சென்ற மாதம் ஒருவர் மனைவியுடன் வந்தார். இரத்தப் பரிசோதனையில் சி.பி.கே. என்ற நொதி 1,400 என்றும், எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதி கூடுதல் என்றும் வந்திருந்தது. "இது ஹார்ட் என்சைம்" என்று யாரோ சொல்லிவிட, இரண்டு இரவுகளாக அந்த வீட்டில் எவரும் உறங்கவில்லை. அவருடைய கைகளைத் திருப்பிப் பார்த்தேன். கயிறு உரசி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நெடுநாள் இடைவெளிக்குப் பின் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்கப் போய்விட்டு, இரண்டாம் நாள் இரத்தம் கொடுத்திருக்கிறார்.

சி.பி.கே. எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் இதயத்துக்கு மட்டும் உரிய நொதி அன்று; கை, கால், முதுகுத் தசைகளிலும் அது மிகுதியாக உண்டு. அதன் ஒரு பகுதி, தசைச் செல்லுக்குள், தசையைச் சுருக்கும் மயோசின் புரத இழைகளைப் பிணைக்கும் 'எம் கோடு' என்ற இடத்தில் அமர்ந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகும் இடத்திலேயே அதை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. இன்னொரு வகை, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கும் இடையே இருந்துகொண்டு, உள்ளே உருவாகும் ஆற்றலைக் கிரியேட்டின் பாஸ்பேட்டாக்கி வெளியே அனுப்புகிறது. ஓயாது துடிக்கும் இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவே. கைத்தசையில் அது வெகு குறைவு. திடீரென வலுக்கொடுத்து இழுக்கும்போது, செல்லை நிறைத்திருக்கும் செல்சாற்றில் கிளைக்கோஜன் (சேமித்த சர்க்கரை) துகள்களையும் ஆக்டின் புரத இழைகளையும் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சிதைவு நொதிகளையே கைத்தசை பெரிதும் நம்புகிறது.

செல்சாற்றில் இருக்கும் நொதிகள் செல்லின் மேல்சவ்வு சற்றுக் கிழிந்தாலே இரத்தத்தில் கசிந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பவை கடுமையான சிதைவில்தான் வெளிவரும். எஸ்.ஜி.ஓ.டி. இரண்டு இடங்களிலும் உண்டு, அதுவும் கல்லீரல், இதயம், தசை மூன்றிலும் உண்டு என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து உறுப்பைச் சொல்வது தவறு. இதயத்தில் கூடுதலாக உள்ள சி.பி.கே.யின் சி.கே.-எம்.பி. வகைகூட எலும்புத்தசையில் சிறிதளவு இருப்பதால்தான், இதயப் பாதிப்பை அறிய இன்று ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதத்தைப் பெரிதும் நம்புகிறோம்.

அவருக்கு ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனினும் இயல்பாக இருந்தன. எட்டு நாள் ஓய்வுக்குப் பின் சி.பி.கே. 170 என்ற இயல்பான அளவுக்கு இறங்கியது.

கடும் உடலுழைப்பு, தசையில் போட்ட ஊசி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவற்றை இரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி வந்தால் மட்டும் மேலுவலி என்று எண்ணி வீட்டில் இருந்துவிட வேண்டாம். மாரடைப்பில் சி.பி.கே. இரத்தத்தில் உயரவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், ஈ.சி.ஜி. உடனே எடுக்கப்பட வேண்டும். கடும் வேலைக்குப் பின் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.